பால் காய்ச்சும் தேதி ஏன் தள்ளிப்போகிறது? நாள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் என்று எங்கே வீடு கட்டினாலும் மேஸ்திரியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தைக்குள்ள முடிஞ்சிருமா?" பதிலாக ஒரே ஒரு எண்ணை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பூச்சு வேலைக்கு 14 நாள் என்பார். மூன்று எண் கேளுங்கள். சீக்கிரம் முடிந்தால் 10, வழக்கமாக 14, இழுத்தால் 36 என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுத்தால் 17 நாள். அமெரிக்கக் கடற்படை 1958-ல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய 'பெர்ட்' முறை இது. 'இழுத்தால்' எவ்வளவு என்று கேட்டால் பலர் கூச்சப்பட்டு 18 என்பார்கள். போன சைட்டில் எத்தனை நாள் ஆனது என்று கேட்டால்தான் உண்மை வரும். அப்புறம், 17 என்பது வெறும் சராசரி. அதையே கெடுவாக வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, நீளமான வேலையை மட்டும் கவனிப்பது. டைல்ஸ் ஒட்ட வேண்டுமானால் பூச்சு முடிந்திருக்க வேண்டும், பாத்ரூம் பைப்பில் தண்ணீர் விட்டுச் சோதித்திருக்க வேண்டும், கடையிலிருந்து சரக்கும் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நேரத்துக்கு நடக்க 80 சதவீத வாய்ப்பு என்றால் தைரியமாக இருக்கும். ஆனால் மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்றால், சேர்ந்து நடக்க 51 சதவீதம்தான்!

ஒரு வேலை தாமதித்தால் இன்னொன்று ஈடுகட்டும் என்றும் நம்பக் கூடாது. ஐப்பசி மழை எல்லா வேலையையும் சேர்த்தே நிறுத்தும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கொத்தனார், சித்தாள், பெயின்டர் யாரும் வர மாட்டார்கள். அந்த நாட்களை முதலிலேயே காலண்டரில் அடித்துவிடுங்கள்.

விட்ட நாளைப் பிடிக்கிறேன் என்று கான்கிரீட் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை முன்கூட்டியே பிரிப்பது ஆபத்து. வழக்கமான சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு, அதைத் தாங்கும் சுவர்கள் அல்லது உத்திரங்களுக்கு நடுவிலான தூரம் 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அதில் பேரம் கிடையாது.

தையைத் தவறவிட்டால் மாசி, பங்குனியில் பலர் பால் காய்ச்ச மாட்டார்கள், அடுத்தது சித்திரைதான். பத்து நாள் தாமதம் மூன்று மாத வாடகையாகிவிடும். அதனால் "எப்போது முடியும்?" என்பதோடு "தைக்குள் முடிய எவ்வளவு வாய்ப்பு?" என்றும் கேளுங்கள். பாதிக்குப் பாதி என்றால் பத்திரிகை அடிக்காதீர்கள்.