வயலில் ட்ரோன் பறக்கவிடும் மூவர் குழுவுக்கு

மதுரை அருகே சோழவந்தான் பக்கம் நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், அங்கே ட்ரோனில் மருந்து தெளிக்கச் செல்லும் குழு, இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கும் முன் வரப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து வர வேண்டும். பைலட், கண்காணிப்பவர், மருந்து கலப்பவர் ஆகிய மூவரும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒருவர் பார்த்துவந்து சொல்வது மற்றவர் மனத்தில் பதிவதில்லை. மின்கம்பங்களைவிட அவற்றைத் தரையோடு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகளும் மோட்டார் கொட்டகைக்குத் தாழ்வாகச் செல்லும் வயர்களுமே ஆபத்தானவை. எதிர்வெயிலில் அவை கண்ணுக்கே தெரிவதில்லை. பேட்டரி குறைந்து ட்ரோன் தானாகத் திரும்பும் உயரத்தை, சுற்றிலும் உள்ள தென்னைகளின் உச்சிக்கும் மேலாக அன்றைய வயலுக்கேற்ப மாற்றி அமையுங்கள். நேற்றைய வயலுக்கு வைத்த உயரம் இன்றைக்கு உதவாது.

பறக்கும் இடத்தின் அனுமதியை, ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அன்றன்றே பார்த்துவிட வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம் என்றாலும், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடிதான்.

ஆடிக் காற்றில் மருந்துத் துளி பக்கத்துக் கொடிக்காலுக்குப் போய்விடும். வெற்றிலையைப் பச்சையாக மெல்லுகிறார்கள் என்பதை நினைத்தால், வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் காற்று வீசும்போது தெளிப்பதை நிறுத்துவதே நியாயம் என்பது என் கருத்து. விவசாயி காத்திருக்கிறார், மருந்தும் கலந்தாயிற்று என்பது பறப்பதற்குக் காரணமாகாது. காற்றைப் பார்த்த பிறகே மருந்தைக் கலந்தால் இந்த நெருக்கடியே வராது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, குழுவில் இளையவரை வாய் திறக்க வைப்பது. அண்ணன் பறக்கவிடும்போது தம்பி எப்படிக் குறுக்கிடுவது என்று நம் ஊரில் தயங்குவார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள்; முன்னே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் கேட்டும், அனுபவம் மிக்க கேப்டன் விலகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் புறப்பாட்டைத் தொடர்ந்தார். ஆகவே 'நில்' என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் சொன்னாலும் பைலட் உடனே ட்ரோனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, 'நிறுத்திவிட்டேன்' என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். காரணம் கேட்பது அதற்குப் பிறகுதான். வீணாக நிறுத்தியிருந்தாலும் சொன்னவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் பேசமாட்டார்.

கண்காணிப்பவர் ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை விலக்குவதும், சூடு ஆறாத பேட்டரியைச் சார்ஜில் போடாமல் பார்த்துக்கொள்வதும் மருந்து கலப்பவரின் பொறுப்பு. பைலட்டிடம் அலைபேசி இருக்க வேண்டாம்.

விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நூலிழையில் தப்பியதைக் கேட்பார் யாருமில்லை. அதை நீங்களே எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் வரப்பிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எந்தக் கம்பியை யார் முதலில் கண்டார், ஏன் உடனே சொல்லவில்லை என்று பேசும்போது, இளையவரே முதலில் பேசட்டும்.