வாடகைக்கு வருபவரோடு பெரிய நாயும் வருகிறதா?

வீட்டில் ஓர் அறைக்குக் குடிவருபவர் தன் பெரிய நாயையும் கூட்டி வருகிறார், உங்களிடமும் நாய்கள் இருக்கின்றன என்றால், முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இரண்டு தரப்புக்கும் பழக்கமில்லாத வெளியிடத்தில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரே திசையில் நடங்கள். வார் தளர்வாக இருக்கட்டும்; இழுத்துப் பிடித்தால் நாய்க்குப் பதற்றம் ஏறும். இரண்டும் நிதானமாகத் தரையை மோப்பம் பிடிக்க ஆரம்பித்ததும் இடைவெளியைக் குறைக்கலாம். உங்கள் நாய்களை ஒவ்வொன்றாகவே பழக்குங்கள். மொத்தமாகச் சூழ்ந்துகொண்டால் எவ்வளவு பெரிய நாயும் மிரண்டுவிடும்.

வீட்டுக்குள் விடுமுன் தட்டு, எலும்பு, பொம்மை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. சண்டை பெரும்பாலும் இவற்றுக்காகத்தான் வரும், அப்புறம் குறுகலான வாசற்படியில்.

உடல் விறைத்து, வாயை மூடி, ஒன்று மற்றொன்றையே முறைத்தால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள். உறுமினால் திட்டாதீர்கள். அது எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம்.

உங்களுடையது சின்ன நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெரியது விளையாட்டாக மேலே பாய்ந்தாலே எலும்பு முறியலாம். ஆள் இல்லாத நேரத்தில் சேர்த்து விடவே வேண்டாம், நடுவில் தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள்.

தடுப்பூசி, உண்ணி மருந்து, அவர் வெளியூர் போனால் நாய் யார் பொறுப்பு என்பதையெல்லாம் சாவி கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.