நாட்டு நாய் இனம் ஒன்றுக்குச் சங்கம் அமைத்து நடத்துவது எப்படி?

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பெயர்பெற்ற நாட்டு நாய் இனங்கள் நான்கு. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. கன்னி, கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு உரியது. கோம்பை, தேனி மாவட்டத்து மலையடிவார ஊர் ஒன்றின் பெயரைக் கொண்டது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயர்கள் ஒலித்தபின், அதுவரை நாட்டு நாயைத் திரும்பிப் பாராத நகரத்து வீடுகளிலிருந்தும் குட்டி கேட்டு ஆள் வரத் தொடங்கியது. கிராக்கி கூடினால் இனம் தழைத்துவிடும் என்று எண்ணிவிட முடியாது. வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தாலே ராஜபாளையம் என்று விற்றுவிடலாம் என்ற நிலை வந்தால், பெயர் பரவுமே தவிர இனம் கரையும். அதைத் தடுக்கக்கூடிய அமைப்பு, வளர்ப்பவர்கள் தாங்களே கூடி நடத்தும் சங்கம்தான். அப்படியொரு சங்கத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, பெரும்பாலும் ராஜபாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதை எழுதுகிறேன்.

முதல் ஏழு பேர்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கங்களைச் சொல்லும் சங்க அமைப்புக் குறிப்பையும் துணைவிதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இது பெரிய காரியமில்லை. அந்த ஏழு பேர் யார் என்பதுதான் பெரிய காரியம். ஏழு பேரும் குட்டி விற்பவர்களாக இருந்தால் சங்கம் விற்பனைக் கடையாகிவிடும். ஏழு பேரும் காட்சிக்கு நாய் கொண்டுபோகிறவர்களாக இருந்தால் தோட்டத்திலும் களத்துமேட்டிலும் காவலுக்கு நாய் வைத்திருக்கும் விவசாயிகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இனத்தின் நல்ல இரத்தம் இன்றும் அந்தத் தோட்டங்களில்தான் இருக்கிறது. ஆகவே தலைமுறையாக நாய் வைத்திருக்கும் விவசாயிகள் இருவர், வட்டாரத்தில் பணியாற்றிய ஒரு கால்நடை மருத்துவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் என்று தொடங்கி, மீதி இடங்களை ஆர்வலர்களுக்குக் கொடுங்கள். ஆண்டுச் சந்தாவை, தோட்டக் காவலர் ஒருவரும் தயங்காமல் கட்டக்கூடிய அளவில் வையுங்கள்.

நான்கு இனங்களுக்கும் சேர்த்து ஒரே சங்கம் தொடங்கும் ஆசை பலருக்கு வரும். ஒரு சங்கத்துக்கு ஓர் இனம் என்பதே என் துணிபு. ராஜபாளையத்தின் முதன்மைச் சிக்கல் காது கேளாமை. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் முதன்மைச் சிக்கல் முயல் வேட்டையோடு பிணைந்த பழக்கம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசினால் எதுவும் உருப்படியாக முடியாது.

பதிவேடு

சங்கத்தின் உயிர் அதன் வம்சாவளிப் பதிவேடுதான். கூட்டம், காட்சி, முகாம் எல்லாம் அதைச் சுற்றி அமைய வேண்டியவை. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திவந்த நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு, உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2016இல் மூடப்பட்டது. அதன்பின் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் வளர்ப்பவர்கள் கைக்கு வந்துவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுச் சான்று தருகிறது. அதைப் பெறும்படி உறுப்பினர்களை ஊக்குவியுங்கள். ஆனால் தோட்டத்து நாய்கள் பலவற்றுக்கு அந்தச் சான்று இருக்காது என்பதால், சங்கத்துக்கென்று தனி ஏடு இல்லாமல் முடியாது.

ஒரு நாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், பிறந்த நாள், தாய் தந்தை, அவற்றின் தாய் தந்தை, தோள் உயரம், மூக்கு, கண், தோல் நிறம், தோலுக்குள் செலுத்திய மைக்ரோசிப்பின் 15 இலக்க எண், இரு பக்கமும் நேர் முகமும் தெரியும் படங்கள் ஆகியவை அந்தப் பக்கத்தில் வர வேண்டும். தாய் தந்தை தெரியவில்லை என்றால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஊகத்தை ஒருமுறை மையில் எழுதிவிட்டால் அது பத்தாண்டில் வரலாறாகிவிடும். நாய் இறந்த வயதையும் காரணத்தையும் குறிக்க ஓர் இடம் விடுங்கள். எந்த வழியில் வந்த நாய்கள் நீண்ட நாள் வாழ்கின்றன என்பதைக் காட்டித் தரப்போவது அந்த ஒரு வரிதான்.

ஈத்துப் பதிவு, அதாவது ஒரே பேற்றில் பிறந்த குட்டிகளின் பதிவு, நேரில் பார்த்தே நடக்க வேண்டும். பெட்டை இணை சேர்ந்த தேதியை உரியவர் சங்கத்துக்குச் சொல்லிவிட்டால், ஏறத்தாழ 63 நாளில் குட்டி ஈனும் என்பதால், முன்கூட்டியே இருவரை அனுப்பத் திட்டமிடலாம். ஈன்ற முதல் வாரத்தில் ஒருமுறை போய்க் குட்டிகளை எண்ணி எழுதி, பிறந்த எல்லாக் குட்டிகளையும், இறந்தவற்றையும் நிறக் குறையுள்ளவற்றையும் உட்பட, கணக்கில் ஏற்ற வேண்டும். வெள்ளை இனத்தில் மாற்று நிறக் குட்டி பிறந்தால் அதை வெளியே காட்டாமல் ஒழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. அது கொடுமை என்பதோடு, பதிவேட்டையும் பொய்யாக்குகிறது. அந்தக் குட்டி இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால், வளர்ப்புக்கு மட்டும் என்று குறித்துக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் இரண்டாம் முறை போங்கள். ராஜபாளையத்தில் இந்த வருகைதான் முக்கியமானது. வெள்ளை நிறத்துக்குக் காரணமான நிறமியின்மை உட்காதின் நுண்ணிய அமைப்புகளையும் தொடுவதால், சில குட்டிகள் செவிடாகிவிடுகின்றன. ஒவ்வொரு குட்டியையும் தனியே வேறு அறைக்குக் கொண்டுவந்து தரையில் விட்டு, அது வேறெதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது, பின்னால் நிற்பவர் நிழல் விழாமலும் காற்று அசையாமலும் தரை அதிராமலும் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்க வேண்டும். கேட்கும் குட்டி, தலையைத் திருப்பாவிட்டாலும், காது மடலை ஒரு நொடி விறைக்கும். உடன்பிறப்புகளோடு சேர்ந்து இருக்கையில் இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று கருவியால் பார்க்கும் சோதனையே அதைக் காட்டும். அது எட்டாத இடங்களில், ஈத்தில் ஒரு குட்டி செவிடு என்றாலும் உடன்பிறந்த எல்லாவற்றின் பக்கத்திலும் அதைக் குறித்து, அடுத்த முறை அதே இணையைச் சேர்க்காமல் இருப்பதே வழி.

இணை சேர்க்கையும் சட்டமும்

அப்பன் மகளைச் சேர்த்தாலோ ஒரே ஈத்து உடன்பிறப்புகளைச் சேர்த்தாலோ பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்பு அளவு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய் தந்தை இருவர் வழியாகவும் குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. ஒரே தந்தைக்குப் பிறந்த வேறுதாய்க் குட்டிகளைச் சேர்த்தால் 12.5, சித்தப்பா பெரியப்பா மக்கள் முறையில் 6.25. இந்தக் கணக்கைத் துணைவிதியோடு இணைத்து, 6.25க்கு மேற்பட்ட ஈத்தைச் சங்கம் பதியாது என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றுண்டு. ஒரு காட்சியில் பரிசு பெற்ற ஆண் நாயிடம் வட்டாரத்துப் பெட்டைகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தால், இரண்டு தலைமுறையில் எங்கே பார்த்தாலும் அதன் பேரக்குட்டிகளாகத்தான் இருக்கும். ஓர் ஆண் நாய்க்கு ஆண்டுக்கு இத்தனை ஈத்து என்று வரம்பு வையுங்கள். பரிசு பெற்ற நாயின் உரிமையாளருக்கு இது கசக்கும் என்பதால், காட்சி நடத்துவதற்கு முன்பே இந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது; ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆண் நாய்க்காரருக்கு ஈத்தில் ஒரு குட்டி என்று பேசி முடிக்கும் வழக்கத்திலும், அந்தக் குட்டி எட்டு வாரம் தாயிடம் இருந்த பிறகே கைமாற வேண்டும். இந்த விதிகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, சேரும் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள்.

மாதக் கூட்டம்

நாய்களோடு கூடும் கூட்டத்தைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் நாய் இல்லாமல் கூடுங்கள். ராஜபாளையம் தன் வீட்டாரோடு ஒட்டுதலும் அயலாரிடம் எச்சரிக்கையும் உள்ள நாய். கோம்பை அதைவிடக் கடுமை காட்டும். ஆகவே நாய்க்கும் நாய்க்கும் இடையில் மூன்று, நான்கு மீட்டர் விட்டுக் கட்டுத்தறிகளை முன்பே அடித்துவிட வேண்டும். நாயை முகர்ந்து பழகவிடுகிறேன் என்று இரண்டு ஆண் நாய்களை முகத்துக்கு முகம் கொண்டுவரும் ஆர்வத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். பருவத்தில் இருக்கும் பெட்டைகள் வீட்டிலேயே இருக்கட்டும். கூட்டத்துக்கு ஒரு வேலையாவது வையுங்கள்: ஒரு மாதம் நகம் வெட்டப் பழக்குவது, இன்னொரு மாதம் உண்ணி எடுப்பதும் உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகளும், மற்றொரு மாதம் அந்நியர் பல்லைப் பார்க்க நாய் பொறுத்துக்கொள்ளப் பயிற்சி. வேலை இல்லாத கூட்டம் மூன்றாம் மாதம் கலைந்துவிடும். ஐப்பசிக்கு முந்தைய கூட்டத்தில், பட்டாசு வெடியில் மிரண்டு ஓடும் நாய்களைப் பற்றிப் பேசி, கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் தைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அந்த வாரம் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரைக் கேட்டு, சங்க நாய்களுக்கு மட்டும் என்றில்லாமல் ஊர் நாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசி முகாம் நடத்துங்கள். சங்கத்தின் மேல் ஊருக்கு மதிப்பு வருவது கோப்பைகளால் அன்று, இதுபோன்ற காரியங்களால்தான்.

காட்சி

தனி இனக் காட்சியில் நடுவர் பார்ப்பதை வளர்ப்பவர் அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெட்டுப்பற்கள் கத்தரிக்கோல் போலப் பொருந்துகின்றனவா, ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா, ராஜபாளையமானால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் நிற்கிறதா, நடை நேராக இருக்கிறதா என்பவை அவற்றுள் சில. உயரத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தால் அடுத்த தலைமுறையில் உயரமான, நடை கெட்ட நாய்கள் வரும். எனவே உழைப்பு நாய்களுக்கென ஒரு பிரிவும், ஏழு வயதுக்கு மேற்பட்ட மூத்த நாய்களுக்கென ஒரு பிரிவும் கட்டாயம் வையுங்கள். காதையோ வாலையோ வெட்டிய நாயைச் சேர்க்காதீர்கள். அஞ்சும் நாயையும் சீறும் நாயையும் களத்திலிருந்து வெளியே அனுப்பும் அதிகாரம் நடுவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ராஜபாளையத்துக்குப் பரிசு பெறும் தகுதியே பதிவேட்டில் உள்ள செவிச் சோதனைக் குறிப்பைப் பொறுத்தது என்று வைத்துவிட்டால், சோதனைக்குத் தயங்குபவர்களும் தாமாக வருவார்கள்.

கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் சங்கம் வைப்பவர்கள் இன்னொன்றில் உறுதியாக நிற்க வேண்டும். முயல் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உயிருள்ள முயலை விட்டு நாய் ஓட்டுவதும் அப்படியே. வேட்டைப் படம் அனுப்பும் உறுப்பினரை நீக்கும் விதியைத் துணைவிதியிலேயே எழுதுங்கள். ஓட்டத்துக்குப் பிறந்த நாய்க்கு ஓட்டம் வேண்டும் என்பதும் உண்மைதான். அறுவடை முடிந்த மண்தரையில் முன்னூறு மீட்டர் கயிறு விரித்து, நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மோட்டார் சுருளால் இழுத்தால், சிப்பிப்பாறை முயலைத் துரத்தும் அதே வெறியோடு அதைத் துரத்தும். வளைவுகளை அகலமாக வையுங்கள். கூர்மையான திருப்பத்தில் மணிக்கட்டு முறியும். தார்ச்சாலையில் ஓட்டவே கூடாது. இந்த ஒல்லி நாய்களுக்கு உடற்கொழுப்பு மிகக் குறைவு என்பதால், மயக்க மருந்து தேவைப்படும்போது மருத்துவரிடம் இனத்தின் பெயரைச் சொல்லும்படி உறுப்பினர்களுக்கு நினைவூட்டுங்கள்.

கைவிடப்பட்ட நாய்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ராஜபாளையம் வாங்கி, ஓராண்டில் சமாளிக்க முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சங்கத்தின் ஏட்டில் பதிந்த எந்த நாயும் வீடிழந்தால், குட்டியை விற்றவரே திரும்பப் பெற வேண்டும், அவரால் இயலாவிட்டால் சங்கம் பொறுப்பேற்கும் என்று விற்பனைத் தாளில் எழுதி வாங்குங்கள். இதற்கென்று சந்தாவில் ஒரு பங்கைத் தனியே வைத்து, இடம் உள்ள இரண்டு மூன்று தோட்டக்காரர்களின் ஒப்புதலை முன்பே பெற்றுவிடுங்கள். வந்த நாயை இரண்டு வாரம் தனியே வைத்து, தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் எண்ணை ஏட்டோடு ஒப்பிட்டு, கருத்தடை செய்து, காவல் நாயோடு பழகியவர் வீட்டுக்கே கொடுங்கள். கொடுத்த முதல் மாதம் வாரந்தோறும் ஒருவர் போய்ப் பார்த்து, நாய் எப்படி இருக்கிறது என்று அதன் பக்கத்தில் எழுதிவிட்டு வர வேண்டும்.