வேக லூப் ட்யூனிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வோ டிரைவின் (மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) வேக லூப்பை, அதாவது கேட்ட வேகத்தையும் ஓடும் வேகத்தையும் ஒப்பிட்டுத் திருத்தும் பகுதியை, கையால் ட்யூன் செய்யும்போது நடக்கும் முதல் தவறு, லோடை (மோட்டார் ஓட்டும் இயந்திரப் பகுதி) மாட்டாமல் வெறும் மோட்டாரை ஓட்டிப் பார்த்து கெயினை (வேகப் பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற அளவு) முடிவு செய்வது. லோடின் நிலைமம் மோட்டாருடையதைப் போல 5 மடங்கு என்றால், இரண்டையும் இணைத்த பிறகு அதே கெயினுக்கு லூப் 6 மடங்கு மந்தமாகிவிடும். எதோடு ஓடப்போகிறதோ அதோடுதான் ட்யூன் செய்ய வேண்டும். மோட்டாரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கரண்ட் லூப் அதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

ஸ்டெப் (வேகக் கட்டளையைத் திடீரென மாற்றிப் பார்க்கும் சோதனை) கொடுக்கும்போது டிரைவில் இருக்கும் ரேம்ப்பை (கட்டளையை மெல்ல மெல்ல ஏற்றும் வசதி) நிறுத்த மறந்துவிடுவார்கள். ரேம்ப் இருந்தால் மோசமான கெயினும் கிராஃபில் அழகாகத் தெரியும். ஸ்டெப் பெரிதானாலும் ஆபத்துதான்: கரண்ட் லிமிட்டில் போய் முட்டும், அதற்குள் பிழையைக் கூட்டிச் சேர்க்கும் இன்டெக்ரேட்டர் ஏறிக்கொண்டே போய் ஓவர்ஷூட்டை (கேட்ட வேகத்தைத் தாண்டிப் போவதை) கிளப்பும். வேகத்தோடு கரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கரண்டின் உச்சி தட்டையாக இருந்தால் அந்தச் சோதனை செல்லாது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. மோட்டார் மெதுவாக முன்னும் பின்னும் ஊசலாடினால் உடனே, பிழையின் அளவுக்கு ஏற்பத் திருத்தும் பி கெயினைக் குறைக்கிறார்கள், ஊசலாட்டம் கூடுகிறது. அதை அடக்குவதே பி தான்! பி-க்குத் தாங்காத அளவு ஐ (இன்டெக்ரேட்டரின் கெயின்) இருப்பதால் வரும் ஆட்டம் அது. ஐ-யைக் குறையுங்கள், அல்லது பி-யைக் கூட்டுங்கள். காதில் விழும்படி ரீங்கரித்தால் மட்டுமே பி அதிகம், அல்லது அந்த ரீங்காரத்துக்குக் காரணம் இயந்திரத்தில் ஒத்ததிர்வு, கப்ளிங் (மோட்டாரையும் லோடையும் இணைக்கும் பகுதி) தளர்வு. ஐ-யைப் பூஜ்யமாக்கி, ரீங்காரம் தொடங்கும் வரை பி-யை ஏற்றி, ஏறத்தாழ பாதிக்கு இறக்கி, பிறகு ஐ-யைச் சேர்ப்பது பழகிய வழி. சில டிரைவ்களில் ஐ மில்லிவினாடியில் நேரமாக இருக்கும். அங்கே எண் சிறிதானால் ஐ வலுக்கும். கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

வேக கிராஃப் படிப்படியாகக் குதிக்கிறதா? ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு தரும் என்கோடரை (சுழற்சியை அளக்கும் கருவி) 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை படித்தால், ஒரு துடிப்பே 6 ஆர்பிஎம். இந்த இரைச்சலை மறைக்க ஃபில்டரைக் கனமாகப் போட்டால் தாமதம் கூடி, ஓவர்ஷூட் திரும்ப வரும்.

செங்குத்து அச்சானால் ஐ பூஜ்யமாக இருக்கும்போது பிரேக்கை விட்டால் லோடு மெல்ல இறங்கும். அடியில் முட்டுக் கொடுத்துவிட்டே ஆரம்பியுங்கள்.