பழைய கம்ப்யூட்டருக்கு ஓடுற இலவச சாஃப்ட்வெயார இன்டர்நெட் ஆர்கைவ்ல ஒழுங்கா போடுறது எப்பிடி

கல்முனை, வாழைச்சேனை, அக்கரைப்பற்று எண்டு எங்கட பக்கம் டியூஷன் வகுப்பு, கொமினிகேஷன் கடை எல்லாத்துலயும் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பென்டியம் 4 மெசின் இன்னும் ஓடிக்கொண்டுதான் கிடக்கு. 2014 ஏப்ரல் 8ஓட மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிய கைவிட்டுட்டு, மறுகா ஒவ்வொரு சாஃப்ட்வெயாரும் விட்டுட்டுப் போகுது. வேர்ட், எக்செல் மாதிரி வேலை செய்யிற இலவச லிப்ரெஆபீஸ் எடுத்தா எக்ஸ்பில ஓடுற கடைசி வரிசை 5.4, 6.0 இன்ஸ்டால் ஆகாது. ஆனா ஸிப் ஃபைல் திறக்கிற 7-ஸிப் இன்னும் எக்ஸ்பிக்கு வருது. அதால சரியான வெர்ஷன் எது எண்டு கண்டுபிடிச்ச ஆள் அத இன்டர்நெட் ஆர்கைவ்ல (archive.org, பழைய ஃபைல் எல்லாம் சேத்து வைக்கிற இலவச சைட்) மத்தவனுக்கும் எடுத்து வைக்கோணும், இல்லாட்டி அவன் தேடிப்போய் வைரஸ் ஏத்தின ஃபைல்தான் எடுப்பான்.

முதல்ல லைசன்ஸ் பாருங்க. சும்மா கிடைக்குது எண்டதுக்காக பகிர அனுமதி இருக்கு எண்டு இல்ல. ஜிபிஎல் (பகிரவும் மாத்தவும் விடுற லைசன்ஸ்) மாதிரி லைசன்ஸ் எண்டா தாராளமா போடலாம், ஆனா அதே வெர்ஷனோட சோர்ஸ் கோடையும் (ப்ரோக்ராம் எழுதின மூல வரிகள்) பக்கத்துலயே போடுங்க. கிராக் பண்ணினது வேண்டவே வேணாம்.

ஃபைல அந்த ப்ராஜெக்ட்ட சொந்த சைட்ல இருந்துதான் எடுக்கோணும். லிப்ரெஆபீஸ்ட பழைய வெர்ஷன் எல்லாம் அவங்கட டவுன்லோட் ஆர்கைவ்லயே கிடக்கு. எடுத்தத திரும்ப ஸிப் பண்ணாதீங்க, பேர மாத்தாதீங்க, வந்த மாதிரியே இருக்கட்டும்.

மறுகா உண்மையான பழைய மெசின்ல போட்டுப் பாருங்க. தமிழ் டைப் பண்ணிப் பாக்கிறதும் முக்கியம், எக்ஸ்பில ரீஜனல் செட்டிங்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் டிக் போடாட்டி கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா நிக்கும், அதுக்கு எக்ஸ்பி சீடியும் கேக்கும், பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்சுப் பழகின ஆக்கள் யுனிகோட் பக்கம் வாறப்ப இதுலதான் தடுமாறுவாங்க.

இப்ப ஹாஷ், அதாவது ஃபைல்ல இருந்து கணக்குப் போட்டு வாற ஒரு நீள நம்பர், ஃபைல் கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறும். 7-ஸிப் போட்ட மெசின்ல ஃபைல ரைட் கிளிக் பண்ணி சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவுல எஸ்எச்ஏ-256 எடுங்க. ப்ராஜெக்ட் சைட்ல ஹாஷ் தந்திருந்தா ஒத்துப் பாருங்க, பாத்திட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுங்க: வெர்ஷன் நம்பர், எங்கருந்து எடுத்தது, ஹாஷ், லைசன்ஸ், எந்த மெசின்ல எவ்வளவு ராம்ல ஓடிச்சு, என்ன ஓடல்ல. தமிழ்ல எழுதுங்க, கொஞ்சம் இங்கிலீஷ்லயும் போடுங்க. இதுதான் முழு வேலையிலயும் பெறுமதியான பகுதி, ஃபைல் எவனும் போடுவான், இத எழுதுறவன் குறைவு.

இன்டர்நெட் ஆர்கைவ்ல ஈமெயிலோட இலவச அக்கவுன்ட் எடுத்து அப்லோட் பண்ணலாம். தலைப்புல சாஃப்ட்வெயார் பேரும் வெர்ஷனும் "எக்ஸ்பி 32 பிட்" எண்டதும் இருக்கோணும். யூஆர்எல்லுக்கு வாற பேர மறுகா மாத்த ஏலாது, அதால அவசரப்படாம போடுங்க. பெரும்பாலும் டொரன்டும் (ஃபைல துண்டு துண்டா இறக்கிற வழி) தானா உண்டாகும், சிக்னல் விட்டு விட்டு வாற இடத்துல இருக்கிறவனுக்கு பாதில நிண்டாலும் விட்ட இடத்துல இருந்து இறங்கும்.

புது வெர்ஷன் வந்தா பழசுக்கு மேல போட்டு அழிக்காதீங்க, தனியா போட்டு ரெண்டுலயும் மத்ததுட லிங்க் குடுங்க. ஒரு மெசின்ல புதுசு ஓடாட்டி பழசு வேணும்தானே.

பென் டிரைவ்ல ஏத்திக் குடுக்கிறீங்க எண்டா எஃப்ஏடி32 முறையில ஃபார்மட் பண்ணின பென்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் சேத்து ஏத்துங்க, வாங்கிற ஆள் தன்ட மெசின்லயே ஹாஷ் பாத்திட்டு இன்ஸ்டால் பண்ணட்டும்.