குரல் கேட்பதாகச் சொல்லும் நோயாளியிடம் செவிலியர் பேசும் முறை

"யாரோ என்னைத் திட்டுறாங்க சிஸ்டர்" என்று நோயாளி சொன்னால், "அப்படி யாரும் இல்லையே" என்று மறுக்காதீர்கள். ஆமாம் போடவும் வேண்டாம். மறுத்தால் அடுத்த முறை சொல்லவே மாட்டார். அந்தக் குரல் என்ன கட்டளையிடுகிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். "எனக்குக் கேக்கலை. ஆனா உங்களுக்குக் கேக்குது, பயமா இருக்கும்னு புரியுது" என்றால் போதும்.

நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி உட்காருங்கள். கதவை யாரும் மறிக்கக் கூடாது. கேட்காமல் தொடாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிப் பதிலுக்குக் காத்திருங்கள்; அத்தனை குரல்களுக்கு நடுவே உங்கள் சொல் போய்ச் சேர நேரமாகும். பாவம், அவர் வேண்டுமென்றே தாமதிப்பதில்லை.

பிறகு நேரடியாகவே கேளுங்கள்: "உங்களையோ மத்தவங்களையோ காயப்படுத்தச் சொல்லுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் மருத்துவரை அழையுங்கள். நோயாளி சொன்ன வார்த்தைகளையே குறிப்பில் எழுதுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்ற வரி அடுத்த ஷிஃப்டுக்கு எதையும் சொல்லாது.

ஆள் பற்றாக்குறை என்பதற்காகவோ தண்டனையாகவோ கட்டிப்போட 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தரவில்லை.