ஸ்காலர்ஷிப் பணம் எங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது?

பிளஸ் டூ முடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்ததும் ஸ்காலர்ஷிப் கிடைக்க இந்த மார்க் போதுமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளின் விண்ணப்பம்கூட பெயரிலும் பேங்க் கணக்கிலும் மாட்டிக்கொண்டு அப்படியே கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் பெயர். நம் பக்கத்து இசக்கிமுத்து, மார்க் ஷீட்டில் ஒரே சொல்லாக இருப்பான், ஆதாரில் இசக்கி தனியாக முத்து தனியாக இருப்பான், இன்ஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், சாதிச் சான்றிலோ அப்பா பெயர் முழுசாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, அதனால் அதில் உள்ளபடி ஆதாரை மாற்றிவிடுங்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் லீவிலேயே முடித்துவிட்டால் நல்லது.

அடுத்தது பேங்க், பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆதார் நகலை பேங்கில் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு சேர்த்தீர்களோ அதற்குத்தான் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி அப்புறம் எட்டியே பார்க்காத கணக்காக அது இருந்தால், செயலிழந்து கிடக்கும், பணமும் திரும்பிப் போய்விடும். மை ஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எந்த பேங்கோடு சேர்ந்திருக்கிறது, அது செயலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் பேங்குக்கு நேரில் போய், மானியப் பணம் வரும்படி ஆதாரைச் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் கடைக்காரர் போன் நம்பரையோ மெயிலையோ போட விடாதீர்கள்.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். போன வருஷத்தது கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், இ-சேவை மையத்தில் கூட்டம் சேருவதற்குள் புதிதாக எடுத்துவிடுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் அம்மா பீடி சுற்றித்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை இருக்கிறது, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை முக்கியம், அது இல்லாவிட்டால் முதல் வேலையாக அதற்கு அலையுங்கள். வேறு உதவித்தொகையோடு சேர்த்து இதை வாங்க முடியாது, எது அதிகம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, அனுப்பியாயிற்று, அப்புறம்? கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். பிரிண்ட் எடுத்து ஆபீசில் கொடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை போர்ட்டலைப் பாருங்கள், குறை என்று திருப்பி அனுப்பியிருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்த வேண்டியது நீங்கள்தான். இரண்டாம் வருஷம் தானாக வராது, புதுப்பிக்க வேண்டும். பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரும் மத்திய அரசின் 12,000 ரூபாய் உதவித்தொகையைப் புதுப்பிக்க 75 சதவீத வருகையும் 50 சதவீத மார்க்கும் கேட்பார்கள், வகுப்பைக் கட் அடிக்குமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.